ஒரே ஒரு நாளுக்காக எழுதிய இசை

"இத்தாலிக்கு ஒரு ரெக்வியம் போதும், அது வெர்டியுடையது. மற்றதெல்லாம் காலம் சலித்துத் தள்ளியது." கச்சேரி முடிந்து ட்ராம் நிறுத்தத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, என்னோடு வேலை பார்ப்பவர் இப்படிச் சொன்னார். ரெக்வியம் என்பது இறந்தோருக்கான திருப்பலி இசை; வெர்டி, 19ஆம் நூற்றாண்டு இத்தாலியின் பெரிய ஓபரா இசையமைப்பாளர். மிலான், நவம்பர் மாதம், நல்ல குளிர். அவர் போகிறபோக்கில் எதையாவது பேசிவிட்டுப் போகிறவர் இல்லை. மிலானின் ஓபரா அரங்கமான லா ஸ்காலாவின் மேல்மாடியில், மேடை பாதிதான் தெரிகிற மலிவான இருக்கைகளில் உட்கார்ந்து சின்ன வயதிலிருந்தே ஓபரா கேட்டு வளர்ந்தவர். எந்தப் பாடகர் எந்த இடத்தில் மூச்சைத் திருடுகிறார் என்று சொல்லக்கூடிய காது அவருக்கு. நான் அப்போது எதுவும் பதில் பேசவில்லை. ஆனால் அந்த 'சலித்துத் தள்ளியது' என்கிற பேச்சு மனதில் அப்படியே தங்கிவிட்டது. சற்று முன்புதான் நான் கேட்ட இசை சல்லடையில் கழிந்துபோன உமி என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அப்படியானால் அது ஏன் இத்தனை அரிதாகப் பாடப்படுகிறது? இந்தக் கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் எனக்கே தேவைப்பட்டது.

அன்று பாடியவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் ஒத்திகைக்கு வருகிறவர்கள். செங்கல் கட்டடமாக ஒரு பழைய கோயில், ஓரத்தில் சின்ன ஆர்கன், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்றே ஒன்று. ஆர்கெஸ்ட்ரா கிடையாது, சுவரொட்டியில் பெயர் போட்டு ஆள் சேர்க்கும் அளவுக்குத் தனிப்பாடகரும் கிடையாது. நிகழ்ச்சியில் மூன்று பேருடைய படைப்புகள்: 17ஆம் நூற்றாண்டு வெனிஸின் பிரான்செஸ்கோ கவாலி, பிறகு ஓபராவுக்குப் பேர்போன புச்சீனி, இடைவேளைக்குப் பின் 20ஆம் நூற்றாண்டின் இல்தெபிராந்தோ பிட்செத்தி. மூன்றுமே ரெக்வியம்தான். மூன்றையும் ஒரே மாலையில் கேட்கும் வாய்ப்பு இத்தாலியிலேயே லேசில் கிடைக்காது.

கவாலியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓபராவால் பேரும் பணமும் சம்பாதித்த மனிதர், தன் கடைசிக் காலத்தில் தனக்கே ஒரு இரங்கல் திருப்பலியை எட்டுக் குரல்களுக்கு எழுதி வைத்தார். தான் இறந்த பிறகு ஆண்டுக்கு இரண்டு முறை அதைப் பாட வேண்டும் என்று உயிலிலும் எழுதினார். 1676இல் இறந்தார். இன்று வெனிஸுக்குப் போகும் கூட்டத்தில் அவர் பெயரைத் தெரிந்தவர்களே குறைவு. தன் படைப்பு தொடர்ந்து ஒலிக்க வேண்டும் என்று சட்டப்படி ஏற்பாடு செய்தவருக்கே இந்தக் கதி. அப்புறம்தான், இதற்கு நேர் எதிராக நினைத்த ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் வேறு யாரும் இல்லை, வெர்டியேதான்.

வெர்டி போட்ட நிபந்தனை

1868 நவம்பர் 13ஆம் தேதி இத்தாலிய ஓபரா இசையமைப்பாளர் ரோசினி பாரிஸின் பாஸி பகுதியில் இறந்தார். நான்கே நாளில் வெர்டி தன் பதிப்பாளர் ரிக்கோர்திக்கு ஒரு கடிதம் எழுதினார். இத்தாலியின் முக்கியமான இசையமைப்பாளர்கள் எல்லோரும் ஆளுக்கு ஒரு பகுதி எழுதி ஒரு ரெக்வியம் உருவாக்க வேண்டும். முதல் நினைவுநாளில் போலோஞாவின் சான் பெத்ரோனியோ தேவாலயத்தில் அதைப் பாட வேண்டும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. பாடி முடித்த கையோடு சுவடிக்கு முத்திரை வைத்துப் போலோஞா இசைப்பள்ளியின் ஆவணக் காப்பகத்தில் பூட்டிவிட வேண்டும், வெளியே எடுக்கவே கூடாது என்றார். ரோசினியின் நினைவுநாளைப் பிற்காலத்தவர் கொண்டாட விரும்பினால் வேண்டுமானால் விதிவிலக்கு தரலாம். வேடிக்கை பார்ப்பதற்கோ காசு பார்ப்பதற்கோ அது பயன்படக் கூடாது என்பது அவர் எண்ணம்.

பதின்மூன்று பேர் எழுதினார்கள். புத்ஸோலா, பத்ஸீனி, பெத்ரோத்தி, கொச்சா என்று நீளும் அந்தப் பட்டியலில் இன்று பலருக்கும் தெரிந்த ஒரே பெயர் வெர்டி. கடைசிப் பகுதியான 'லிபெரா மே' அவருடையது. சுவடிகள் குறித்த காலத்தில் தயாராகிவிட்டன. ஆனால் போலோஞா நாடக அரங்கின் பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் அனுப்ப அதன் நிர்வாகி சம்மதிக்கவில்லை. நடத்துநர் மரியானி முழு மனதோடு உழைக்கவில்லை என்று வெர்டிக்குக் கோபம். அந்த நட்பு பிறகு சரியாகவே இல்லை. நாள் நெருங்கிவிட்ட நிலையில் எல்லாம் கைவிடப்பட்டது. அந்த இசை முழுமையாக முதன்முதலில் ஒலித்தது 1988 செப்டம்பரில், அதுவும் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில், ஹெல்முட் ரில்லிங் நடத்தியபோது. ரிக்கோர்தி காப்பகத்தில் கிடந்த சுவடிகளை அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ரோசன் தேடி எடுத்திருக்காவிட்டால் அதுவும் நடந்திருக்காது. கிட்டத்தட்ட நூற்று இருபது ஆண்டுகள்.

இதில் காலம் எங்கே சலித்தது? யாருமே கேட்காத ஒன்றைக் காலம் எப்படி நிராகரிக்கும்? ஓர் அரங்க நிர்வாகியின் மறுப்பும் இரண்டு நண்பர்களின் மனக்கசப்பும் சேர்ந்து அதை அலமாரியில் வைத்துவிட்டன. அந்தப் பதின்மூன்று பகுதிகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் இலக்கணம் பிசகாத, ஆனால் உயிர் குறைந்த எழுத்துதான் இருக்கிறது. வெர்டியின் பகுதி வந்ததும் அறையின் காற்றே மாறுகிறது. ஆனால் இதைச் சொல்லும் உரிமை, கேட்ட பிறகுதான் நமக்குக் கிடைக்கிறது.

வெர்டி அந்த 'லிபெரா மே'யைத் திரும்பப் பெற்று, திருத்தி, எழுத்தாளர் மன்ட்சோனிக்காகத் தான் எழுதிய ரெக்வியத்தின் கடைசிப் பகுதியாக்கினார். அது 1874 மே 22 அன்று மிலானின் சான் மார்கோ தேவாலயத்தில் பாடப்பட்டது. கோயில் என்பதால் கைதட்டல் இல்லை. மூன்றே நாளில் லா ஸ்காலாவுக்குப் போனது. அங்கே கைதட்டல் அரங்கை நிறைத்தது. அப்புறம் பாரிஸ், லண்டன், வியன்னா. ஒரே ஒரு முறை பாடிப் பூட்டிவிட வேண்டும் என்று சொன்ன அதே மனிதரின் படைப்புதான் உலகத்திலேயே அதிகம் பாடப்படும் ரெக்வியங்களில் ஒன்றாகிவிட்டது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த இசை இல்லாத உலகத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. ஆனால் வெர்டியுடையதுதான் விதிவிலக்கு. இத்தாலிய ரெக்வியங்களில் பெரும்பாலானவை ஓர் ஆளுக்காக, ஓர் இடத்துக்காக, ஒரு நாளுக்காக எழுதப்பட்டவை. எத்தனை முறை திரும்பப் பாடப்பட்டன என்று எண்ணி அவற்றை அளப்பது சரியாக வராது.

புச்சீனியின் ஐந்து நிமிடம்

வெர்டி இறந்தது 1901 ஜனவரி 27. நான்காவது நினைவுநாளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி ரிக்கோர்தி, புச்சீனியைக் கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டு பிப்ரவரியில்தான் அவருடைய ஓபரா 'மதாமா பட்டர்ஃப்ளை' லா ஸ்காலாவில் கூச்சலுக்கு நடுவே தோற்றிருந்தது. லூக்காவில் தலைமுறை தலைமுறையாகத் தேவாலய இசைக்காரர்களாக இருந்த குடும்பத்தில் பிறந்தவர் புச்சீனி; ஆனால் எப்போதோ அந்த வழியை விட்டு ஓபராவுக்குப் போய்விட்டவர். இந்த வேண்டுகோளுக்காகச் சிறிது நேரம் குடும்பத் தொழிலுக்குத் திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாடப்பட்ட இடம், முதுமையில் ஆதரவில்லாத இசைக்கலைஞர்களுக்காக வெர்டி மிலானில் கட்டிய இல்லத்தின் சிற்றாலயம். தன் படைப்புகளிலேயே சிறந்தது இந்த இல்லம்தான் என்று வெர்டி சொல்லியிருக்கிறார். அவரும் அவர் மனைவி ஜுசெப்பீனாவும் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் அங்கேதான். மூன்று குரல்கள், ஒரு வியோலா, ஓர் ஆர்மோனியம் அல்லது ஆர்கன், அவ்வளவுதான். ஐந்து ஆறு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. தீர்ப்பு நாள் இல்லை, எக்காளம் இல்லை. அவர்களுக்கு இளைப்பாற்றி தாரும் ஆண்டவரே என்று தொடங்கி, சாந்தியில் இளைப்பாறுக என்று நிறைவடைகிறது. குரல்கள் அரைச்சுரம் அரைச்சுரமாக நகர, வியோலா நடுவே தனியாக எழுந்து நான்கு வரி பேசிவிட்டுத் திரும்ப அடங்குகிறது. ஓபரா மேடையில் ஒரு பெண் பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கக்கூடிய மெட்டை, புச்சீனி இங்கே பேச்சில்லாத வாத்தியத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த இல்லத்தின் முதியவர்களில் சிலராவது வெர்டியின் ஓபராக்களில் பாடியோ வாசித்தோ வயிறு வளர்த்தவர்களாக இருந்திருப்பார்கள். அவர் தந்த கூரையின் கீழ், அவர் கல்லறைக்குப் பக்கத்தில் இதைக் கேட்டிருப்பார்கள். இதைவிடப் பெரிய அவையை அந்த இசை ஏன் தேட வேண்டும்? பல பத்தாண்டுகள் அச்சேறாமல் கிடந்ததற்கு அதன் தரம் காரணமில்லை. அது போகவேண்டிய இடத்துக்கு 1905இலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

யார் சலித்தார்கள்?

திருச்சபையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். பிளாரன்ஸில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த இசையமைப்பாளர் கெருபீனி, கில்லட்டினில் தலை வெட்டப்பட்டு இறந்த பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியின் நினைவாக சி மைனரில் எழுதிய ரெக்வியம் 1817இல் சான் தெனி பேராலயத்தில் பாடப்பட்டது. பெத்தோவன் வியந்து போற்றிய படைப்பு அது. 1834இல் ஒரு சக இசையமைப்பாளரின் இறுதிச் சடங்கில் அதைப் பாட முற்பட்டபோது, பெண் குரல்கள் இருக்கின்றன என்று பாரிஸ் பேராயர் தடை போட்டார். கெருபீனி சண்டைக்குப் போகவில்லை. ஆண் குரல்களுக்கு மட்டுமாக டி மைனரில் இன்னொன்றை 1836இல் எழுதி முடித்தார். அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதைத் தாண்டியிருந்தது. ஆறு ஆண்டு கழித்து அவருடைய அடக்கத்தில் அதுவே பாடப்பட்டது. ஒருவரின் அதிகாரத்தால் ஒரு படைப்பு வாசலில் நிறுத்தப்பட்டது, இன்னொன்று பிறந்தது. இரண்டுமே இன்று எப்போதாவதுதான் கேட்கக் கிடைக்கின்றன.

அதைவிடப் பெரிய அடி 1903 நவம்பரில் வந்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் தேவாலய இசையைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். நாடக மேடைப் பாணி கோயிலுக்குள் கூடாது, வாத்தியமில்லாமல் ஒரே மெட்டில் பாடும் பழைய கிரகோரியன் பாடல்முறையும், 16ஆம் நூற்றாண்டின் பலஸ்த்ரீனா போன்றவர்களின் பல்குரல் இசையுமே முன்மாதிரி என்றது அது. 19ஆம் நூற்றாண்டு இத்தாலியில் ஓபரா எழுதியவர்கள்தான் கோயிலுக்கும் எழுதினார்கள். அவர்களுடைய திருப்பலிகள் ஒரே நாளில் வீடிழந்தன. கோயிலுக்கு அவை நாடகத்தனமாகப் பட்டன. நாடக அரங்குக்கு அவை பக்தி சமாச்சாரம். அப்புறம் 1960களில் கூடிய திருச்சபைப் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தைத் தொடர்ந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில், அச்சமூட்டும் அந்தத் தீர்ப்பு நாள் பாடலான 'தியெஸ் இரே' அடக்கத் திருப்பலியிலிருந்தே எடுக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பங்குக் கோயிலிலும் அதை லத்தீனில் பாடிய காலம் ஒன்று இருந்ததாகப் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். எனக்கு நினைவு தெரிந்து எல்லா அடக்கமும் தமிழ்ப் பாட்டோடுதான் நடந்தது. அந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன். துக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்குப் புரிகிற மொழியில்தான் ஆறுதல் சொல்ல வேண்டும். ஆனால் ரெக்வியம் என்கிற இசைவடிவத்தின் நடுத்தூண் அந்தப் பாடல்தான். அது போனதும் இந்தப் படைப்புகளுக்குக் கோயிலில் இருந்த கடைசி வேலையும் போய்விட்டது.

வாத்தியம் இல்லாத தீர்ப்பு நாள்

பிட்செத்திக்கு வருகிறேன். அன்று என்னை உட்கார வைத்தது அவர்தான். 1880இல் பார்மாவில் பிறந்தவர். அங்கே இசை பயின்ற காலத்தில் ஜொவான்னி தெபால்தினி என்கிற ஆசிரியரிடம் கிரகோரியன் பாடல்களையும் பழைய பல்குரல் இசையையும் ஆழ்ந்து கற்றார். 1920இல் மனைவியை இழந்தார். 1900இல் மோன்ட்சாவில் சுட்டுக் கொல்லப்பட்ட உம்பெர்த்தோ மன்னரின் நினைவுத் திருப்பலிக்காக, மன்னர் அடக்கமாகியிருக்கும் ரோமாபுரி பாந்தியனில் பாட ஒரு ரெக்வியம் வேண்டும் என்று அவரைக் கேட்டார்கள். 1922 இறுதியில் தொடங்கி 1923 தொடக்கத்தில் முடித்தார். முசோலினியின் ஆட்கள் ரோம் நோக்கி அணிவகுத்து சில வாரங்களே ஆகியிருந்த காலம் அது. எந்த வாத்தியமும் இல்லை, முழுக்க முழுக்க மனிதக் குரல்.

'தியெஸ் இரே' என்றதும் வெர்டி கேட்ட காது இடியை எதிர்பார்க்கும். பெரிய முரசு, அலறும் கூட்டம், மேலிருந்து சரியும் வயலின்கள். அன்று நான் கேட்டது வேறு. பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்ட்டோக்களும் ஆண்களில் தாழ்ந்த குரலான பாஸ்களும் சேர்ந்து, அந்தப் பழைய கிரகோரியன் மெட்டை ஒரே சுரவரிசையில் தாழப் பாடத் தொடங்கினார்கள். அலங்காரம் எதுவும் கிடையாது. நூற்றாண்டுகளாக எந்தத் துறவியும் பாடியிருக்கக்கூடிய அதே மெட்டு. வரிசையின் ஓரத்தில் வயதான ஒரு பாஸ் பாடகர், கறுப்புக் கோப்பை நெஞ்சோடு அணைத்தபடி பக்கத்தைப் பார்க்காமலேயே பாடினார். சரி, இப்படியே போகப்போகிறது என்று நினைக்கும்போது உயர்ந்த குரல்களான சோப்ரானோக்களும் டெனர்களும் மேலே நுழைந்தார்கள். அவர்களுக்குச் சொல் இல்லை. 'ஓ' என்கிற ஒற்றை ஒலி மட்டும். வாயைக் குவித்து, மெதுவாக ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, இறங்கி, மறுபடியும் ஏறும் ஒலி.

கீழே இருப்பவர்கள் நடக்கப்போவதைச் சொல்கிறார்கள்: அந்த நாள் சினத்தின் நாள், உலகம் சாம்பலாகும். மேலே இருப்பவர்கள் அதைக் கேட்டு அழுகிறார்கள். எந்தச் சாவு வீட்டிலும் இந்த இரண்டு கூட்டமும் இருக்கும். மந்திரமோ செபமோ தெரிந்து அதை ஒழுங்காகச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம். எந்த வார்த்தையும் வாயில் வராமல் வெறும் குரலாக இருப்பவர்கள் இன்னொரு பக்கம். சடங்கு முதலாவது கூட்டத்தின் குரலை மட்டுமே ஏட்டில் எழுதி வைக்கிறது. பிட்செத்தி இரண்டாவது கூட்டத்தையும் ஏட்டில் ஏற்றிவிட்டார், திருச்சபையின் விதி எதையும் மீறாமல், கிரகோரியன் மெட்டில் கைவைக்காமல். வெர்டி தீர்ப்பு நாளை வெளியிலிருந்து நம்மீது இறக்குகிறார். இங்கே அது தொண்டைக்குள்ளிருந்து வருகிறது. அந்த 'ஓ' இரண்டாம் முறை ஏறியபோது, நான் மதிப்பெண் போட்டுக்கொண்டு கேட்பதை விட்டுவிட்டேன். அதுவரை, இது வெர்டியைவிடக் குறைவா கூடுதலா, அந்த நடத்துநர் வேகத்தைச் சரியாக எடுத்தாரா என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, சில ஆண்டுகளுக்கு முன்பு இறந்துபோன அப்பாவின் நினைவுதான் இருந்தது. வேறு எதுவும் இல்லை.

அந்த நீண்ட பகுதி முடிந்ததும் நடத்துநர் சுருதி காட்டும் சிறு உலோகக் கவையை முழங்கையில் தட்டிக் காதருகே வைத்துப் பார்த்தார். வாத்தியத் துணையில்லாமல் பாடினால் சுருதி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்பு. நல்ல குழுவுக்கும் அது நேரும். மெல்ல வாய்க்குள் முனகி மறுபடி சுருதி கொடுத்தார். அதற்குள் பாடகர்கள் சத்தமில்லாமல் இடம் மாறிக்கொண்டார்கள். 'தூயவர்' என்று போற்றும் 'சாங்க்துஸ்' பகுதி மூன்று தனிக் குழுக்களுக்கானது: பெண்கள் ஒரு குழு, ஆண்கள் இரண்டு குழு, மொத்தம் பன்னிரண்டு குரல்வரிசை. முப்பது பேரில் அதைப் பிரித்தால் ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று பேர்தான் தேறுவார்கள். ஒளிந்துகொள்ள இடமே இல்லை. ஓர் இடத்தில் டெனர் வரிசை கொஞ்சம் தடுமாறியது. பக்கத்தில் இருந்தவர் சற்றே சாய்ந்து தன் குரலைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். தூய்மைமிக்க ஒலிப்பதிவில் இதெல்லாம் கேட்காது. பெண்கள் குழு தொடங்கி, ஆண்கள் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் பன்னிரண்டும் ஒன்றாக ஒலித்தபோது அந்தச் சின்னக் கோயில் தாங்குமா என்றிருந்தது.

மொத்தப் படைப்பும் ஏறத்தாழ அரை மணி நேரம்தான். அது அரிதாகப் பாடப்படுவதற்குக் காரணம் இங்கேயும் கணக்குதான். ஒரு மாலை நிகழ்ச்சியை நிரப்ப அரை மணி போதாது. நட்சத்திரப் பாடகருக்கு வேலை இல்லை. ஆர்கெஸ்ட்ரா வைத்திருக்கும் அரங்குக்கு இதைப் போடுவதால் லாபம் இல்லை. பாடுவதற்கோ, பயின்ற குழு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். அரசியலும் கொஞ்சம் சேர்ந்துகொண்டது. பிட்செத்தி 1932இல் புதுமை இசைக்கு எதிரான அறிக்கையில் இசையமைப்பாளர் ரெஸ்பீகியோடு சேர்ந்து கையெழுத்திட்டவர். பாசிச ஆட்சியில் உயர்ந்த பதவிகளும் கௌரவங்களும் பெற்றவர். போருக்குப் பிந்தைய தலைமுறை அவரை ஒதுக்கியதில் எனக்கு வியப்பில்லை, அந்த ஒதுக்கலை அநியாயம் என்றும் சொல்லமாட்டேன். மனிதரைப் பற்றிய கணக்கு தனியாக இருக்கட்டும். அந்த 'ஓ'வைப் பாடத் தகுதியில்லாதது என்று அதனால் முடிவுகட்டிவிட முடியாது.

சில நாள் கழித்து, மதிய உணவு வேளையில் இதையெல்லாம் அந்த நண்பரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "போலோஞா விஷயம் சரிதான், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிட்செத்தி எனக்கு இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்றார். அது நியாயமான பேச்சு. கேட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்பவரிடம் எனக்கு வழக்கு இல்லை.

நீங்கள் கேட்டுப் பார்க்க விரும்பினால், ஜேம்ஸ் ஓ'டானல் நடத்திய வெஸ்ட்மின்ஸ்டர் கதீட்ரல் பாடகர் குழுவின் ஒலிப்பதிவு இருக்கிறது. சோப்ரானோ வரிசையைச் சிறுவர்கள் பாடுகிறார்கள். சுவிஸ் இசையமைப்பாளர் ஃபிராங்க் மார்ட்டினின் திருப்பலி இசையோடு வந்த அந்த வட்டு 1998இல் கிராமஃபோன் பத்திரிகையின் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவாகத் தேர்வானது. வேலை செய்துகொண்டே ஓடவிட்டால் அது வெறும் கோயில் இசையாகக் காதில் விழுந்து போய்விடும். அரை மணி நேரம் ஒதுக்குங்கள். லத்தீன் பாடத்தையும் அதன் பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 'தியெஸ் இரே'யை மட்டும் கேளுங்கள். ஆல்ட்டோவும் பாஸும் பாடும் மெட்டை ஒரு முறை, மேலே வரும் சொல்லில்லாத குரலை மறுமுறை பின்தொடருங்கள். அதன்பிறகு முழுவதையும் தொடக்கத்திலிருந்து கேட்கலாம். புச்சீனியுடையதை வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்த ஐந்து நிமிடம் தனக்குரிய இடத்தை இழந்துவிடும்.